நடையும் நடவும்

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் கடைசியில் நாங்கள் ஐந்து பேர் பழனி மலைத்தொடரின் தென்சரிவில் ஒருநாள் நடைப்பயணம் சென்றிருந்தோம். நகரத்திலிருந்து இயங்கும் ஓர் அமைப்பு அதை ஏற்பாடு செய்திருந்தது. நடக்க வருபவர் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம் நடப்படும் என்று அறிவித்திருந்தார்கள். கட்டணத்தில் ஒரு பகுதி அதற்கே போகிறது என்றும் சொன்னார்கள். எங்களைப் போன்ற அரைகுறைச் சூழல் ஆர்வலர்களுக்கு இதைவிட நல்ல தூண்டில் வேறென்ன வேண்டும்?

வழிகாட்டியாக வந்தவர் அடிவாரத்து ஊரைச் சேர்ந்த ஒரு பெரியவர். அதிகம் பேசாதவர். கேட்டால் மட்டும் சொல்வார். ஒரு திருப்பத்தில் இருவேறு மரங்களைக் காட்டி, "இது நம்ம மரம் தம்பி, அது சர்க்கார் மரம்" என்றார். முன்னது ஓடைக்கரையில் தானாக வளர்ந்த நாவல். பின்னது என்றோ வரிசையாக நட்ட தைலமரம். தாவரவியலில் நாட்டு மரம், அயல் மரம் என்ற பாகுபாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மாலையில் ஊரோரத்து மேட்டு நிலத்தில் கன்றுகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் எங்கள் பெயர் எழுதிய சிறு தகடு. கன்றுகள் மகோகனியும் மயில்கொன்றையும். முன்னது அமெரிக்க வெப்பமண்டலத்தில் பிறந்தது. பின்னது மடகாஸ்கர் தீவில். நட்டோம், படம் எடுத்துக்கொண்டோம், சான்றிதழ் பெற்றோம். பெரியவர் மட்டும் ஓரமாக நின்று, "மழ முடிஞ்சு போச்சே, இனி யாரு தம்பி தண்ணி ஊத்துவா?" என்று கேட்டார். அதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு நாங்களாகவே அவ்வூருக்குப் போனோம். தகடுகள் இருந்தன. கன்றுகள் இருந்த இடத்தில் குச்சிகள் இருந்தன.

அந்தக் குச்சிகளைப் பற்றிய புலம்பலாக இது நின்றுவிடக் கூடாது என்பதனாலேயே இதுவரை எழுதாமல் இருந்தோம். காசு கொடுத்து, வழிகாட்டியோடு காட்டோரம் நடக்கும் சுற்றுலாவை முழுவதும் ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. எங்கள் நண்பர்களில் சிலர் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். நாங்கள் அவர்களோடு உடன்படவில்லை. நடப்பவரின் காசு நாட்டு மரங்களைக் காக்க உதவும், உதவியும் இருக்கிறது. ஆனால் அது கன்று நடும் அந்த ஒரு நாளுக்குப் போகும்போது வீணாகிறது. நட்ட பிறகு வரும் ஐந்தாறு ஆண்டுகளுக்கும், நடாமலே நிற்கும் மரங்களைக் காப்பதற்கும் போகும்போதுதான் பயன் தருகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறினால் வருவது தேக்கடி. படகுச் சவாரிக்காகவும் முல்லைப் பெரியாறு வழக்குக்காகவும் நாம் நன்கறிந்த ஊர். அங்குள்ள பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயனா என்று மலையாளத்தில் வழங்கும் காட்டு இலவங்க மரங்கள் உண்டு. இவற்றின் பட்டைக்குச் சந்தையில் விலை இருந்ததால், 1990-களில் காட்டுக்குள் இரவில் புகுந்து பட்டை உரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட குழுக்கள் இருந்தன. சுற்றிலும் பட்டை உரிக்கப்பட்ட மரம் நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். வனத்துறை துரத்த, அவர்கள் ஓட, வழக்குகள் பெருக, மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. உலக வங்கி, உலகச் சுற்றுச்சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு 1996-இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது அங்கிருந்த அதிகாரிகள் வேறு வழியில் யோசித்தார்கள். பட்டை உரித்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் அத்தொழிலைக் கைவிட்டு ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். அக்குழுவின் பெயரே 'முன்னாள் வயனாப் பட்டை சேகரிப்போர்' என்பதுதான். பழைய குற்றத்தை ஒளிக்காமல் பலகையில் எழுதி வைத்துக்கொண்ட அந்தப் பெயரின் மீது எங்களுக்குத் தனி மரியாதை உண்டு.

1998 முதல் இவர்கள் பயணிகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிச் செல்கிறார்கள். கூடாரமடித்து இரவு தங்கும் நடை அது. சமைப்பதும் காவலிருப்பதும் அவர்களே. கள்ளப் பாதைகள் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி என்பதால், பயணிகளோடு நடக்கும் ஒவ்வொரு நடையும் ஒரு ரோந்தாகவும் ஆகிவிடுகிறது. புதிதாக யாரேனும் காட்டில் புகுந்திருந்தால் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. கட்டணத்தில் ஒரு பகுதி அவர்களுக்கு ஊதியமாகவும் இன்னொரு பகுதி பொது நிதியாகவும் போகிறது. ஆக, நடக்க வந்தவர் எந்த மரத்தையும் நடவில்லை. அவர் கொடுத்த காசினால் ஏற்கெனவே நின்ற மரத்தின் மேல் பட்டை தங்கியிருக்கிறது. எங்களைக் கேட்டால், நூறு கன்று நடுவதைவிட இது பெரிது.

பெரியாற்றில் இன்னொன்றும் செய்தார்கள். பயணிகளிடம் வாங்கும் கூடுதல் கட்டணம் அரசின் பொதுக் கருவூலத்தில் போய்க் கரைந்துவிடாமல் அங்கேயே செலவாவதற்காக 2004-இல் ஓர் அறக்கட்டளை நிறுவினார்கள். 2006-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்ற விதி சேர்ந்தது. காசு எந்த வாய்க்காலில் போகிறது என்பது சலிப்பூட்டும் கணக்கு வழக்குதான். ஆனால் மரம் பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

காப்பது அங்ஙனமிருக்க, நடவே தேவைப்படும் இடங்களும் உண்டு. காடு முற்றிலும் சிதைந்து, விதை வந்து விழவும் வழியின்றிப் போன துண்டு நிலங்கள் அவை. அத்தகைய இடத்தில் நடவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வால்பாறையைத்தான் சொல்வோம். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தில் மழைக்காட்டை வெட்டித் தேயிலை வைத்தது 1890-களில் தொடங்கிய கதை. தோட்டங்களுக்கு இடையே தீவுகள்போல் எஞ்சிய காட்டுத் துண்டுகளில் சிங்கவால் குரங்கும் இருவாட்சியும் இன்னும் இருக்கின்றன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த திவ்யா முதப்பா, டி. ஆர். சங்கர் ராமன் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி அத்துண்டுகளை மீட்கும் பணியைத் தொடங்கினார்கள். தோட்ட நிறுவனங்களின் இசைவோடு இன்றுவரை அது நடந்துவருகிறது.

அப்பணியில் நம்மைக் கவர்வது அதன் பொறுமை. மழைக்காட்டு விதைகள் பலவற்றை நெல்போல் காயவைத்துக் குதிரில் சேர்க்க முடியாது. உலர்ந்தால் செத்துப்போகும். சாலையோரம் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிருக்கும் விதைகளை அவ்வப்போது பொறுக்கி உடனே நாற்றங்காலில் இட வேண்டும். வெடிப்பலா, நாங்கு, நாவல் இனங்கள், அத்தி இனங்கள் என நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அவர்கள் வளர்த்திருக்கிறார்கள். ஓராண்டோ இரண்டாண்டோ பையில் வளர்ந்த கன்றுதான் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் மண்ணுக்குப் போகும். அதற்குமுன் அந்தச் சரிவை மூடியிருக்கும் உண்ணிச்செடியை அகற்ற வேண்டும். அகற்றும்போது தானாக முளைத்திருக்கும் நாட்டுக் கன்றை மிதித்துவிடக் கூடாது. அதற்குக் கண் பழக வேண்டும். நட்ட பின்னும் விட்டுவிட முடியாது. உண்ணி மறுபடி வரும். மறுபடி பிடுங்க வேண்டும். படம் எடுத்துப் போடுவதற்கு இதில் ஏதுமில்லை. குனிந்த முதுகுகள் மட்டுமே தெரியும்.

இப்பணிக்கான பொருள் சுற்றுலாவிலிருந்து வருவதன்று. கொடையாளர்களும் சில தோட்ட நிறுவனங்களும் தந்தது. நாங்கள் சொல்ல வருவது, நடைப்பயணம் நடத்துபவர்கள் தாங்களே கன்று வாங்கித் தாங்களே குழி தோண்டித் தாங்களே சான்றிதழ் அச்சிடுவதை நிறுத்திவிட்டு, இத்தகைய பணி நடக்கும் இடத்தில் கொண்டுபோய் அந்தக் காசைச் சேர்க்கலாமே என்பதுதான். நாற்றங்காலில் பை நிரப்பும் பெண்ணின் கூலியாக அது போகட்டும். நடக்க வருபவர்களுக்கு அந்த நாற்றங்காலைக் காட்டட்டும்.

கணக்கையும் நேர்மையாகப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஓர் ஊரிலிருந்து வாரம் ஒரு நடை, நடைக்கு 10 பேர், ஒவ்வொருவர் கட்டணத்திலும் மரங்களுக்கென 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீ பரவும் கோடையையும் அடைமழை நாட்களையும் கழித்தால் ஆண்டில் 30 வாரம் தேறலாம். மொத்தம் 30,000 ரூபாய். நாளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் 60 ஆள்-நாள். இதை வைத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையை மீட்கிறோம் என்று பேசுவது நகைப்புக்குரியது. ஆனால் ஓர் ஏக்கர் சரிவில் ஆண்டுக்கு இருமுறை களை பிடுங்கவும் கோடையில் ஆடுமாடு புகாமல் பார்த்துக்கொள்ளவும் 60 நாள் போதும். ஒரே ஏக்கர், ஆறாண்டு, அதே ஆட்கள். நடைச் சுற்றுலாவின் அளவு அவ்வளவுதான், அதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நல்லது. ஆயிரக்கணக்கில் நட்டோம் என்று சொல்பவர்களிடம் ஆறாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்று கேட்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

இனி, பலருக்குக் கசப்பான ஒன்று. எல்லா இடத்திலும் மரம் நடுவது நன்மையன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் உயரத்தில் இருப்பது தொடர்ந்த காடன்று. மடிப்புகளில் சோலை, அவற்றைச் சூழ்ந்து புல்வெளி. இதுவே அம்மலைகளின் இயல்பு. ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டியபின் வந்த ஆங்கிலேயர்களின் கண்ணுக்கு அப்புல்வெளி வெற்று நிலமாகத் தெரிந்தது. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் ஆஸ்திரேலியாவின் சீகையையும் தைலமரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். விடுதலைக்குப் பிறகு நம்மவர்கள் ரேயான் கூழுக்காக இன்னும் மும்முரமாக நட்டார்கள். அதுவும் மரநடவுதான். அதற்கும் விழா நடந்திருக்கும். விளைவாக, பெருமழையை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடைகளுக்குக் கசியவிட்ட புல்வெளிகளில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. வரையாடு மேய இடம் சுருங்கியது. தோடர்களின் எருமைக்கும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இருப்பதும் அந்தப் புல்வெளிகளில்தான். 2018-இல் அது பூத்தபோது பார்க்கப் போன கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அடுத்து 2030-இல் பூக்க வேண்டும்.

ஆகவே, உதகைப் பக்கம் நடைப்பயணம் நடத்தி 'ஆளுக்கொரு மரம்' என்று ஒருவர் புல்வெளியில் கன்று நட்டால், அது அம்மண்ணில் பிறந்த மரமாகவே இருந்தாலும் கேடுதான். அங்கே நடப்பவரின் காசு சீகைக் கன்றுகளைப் பிடுங்குவதற்குப் போக வேண்டும். 'உங்கள் பெயரில் பத்து மரங்களைப் பிடுங்கினோம்' என்று சான்றிதழ் கொடுக்கும் துணிச்சல் எந்த அமைப்புக்காவது வருமா? வந்தால் முதல் ஆளாகக் காசு கட்ட நாங்கள் தயார்.

தமிழ்நாட்டில் இவை குறித்துப் பேச இது தக்க தருணம் என்று நினைக்கக் காரணமுண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்ற இளைஞர்களும் பெண்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. கோடையில் காய்ந்த புல்லின் நடுவே, காட்டின் பருவத்தை அறிந்தவர் சொல் கேட்காமல் நடப்பது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம். அதன்பின் நெடுங்காலம் மலையேற்றமே அச்சத்தோடு பார்க்கப்பட்டது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. வழிகாட்டிகளில் பழங்குடி இளைஞர்கள் பலர். இதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம் மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மரங்களால் மூட வேண்டும் என்ற இலக்கோடு நாற்றங்கால்களை நடத்திவருகிறது. அதே ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையும் வந்தது. மூன்றும் ஒரே வனத்துறையின் கீழ் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் கோரிக்கை பெரிதன்று. ஒவ்வொரு பாதையின் தொடக்கத்திலும் ஒரு பலகை இருக்கட்டும். கட்டணத்தில் எவ்வளவு வழிகாட்டிக்கு, எவ்வளவு அந்தச் சரிவின் பராமரிப்புக்கு, சென்ற ஆண்டு என்ன பிடுங்கினார்கள், என்ன நட்டார்கள், எத்தனை பிழைத்தன என்பதை அதில் எழுதட்டும். பாதை மூடப்படும் தீக்காலத்தில் வழிகாட்டிகள் வேலையின்றி நகரத்துக்குக் கூலிக்குப் போக நேர்கிறதென்றால், அந்த மாதங்களில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும் விதை சேகரிக்கவும் நாற்றங்காலைப் பார்க்கவும் அவர்களுக்கே ஊதியம் தரட்டும். ஆண்டு முழுதும் அங்கேயே இருப்பவரால்தான் கன்றைக் காக்க முடியும். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பும் நம்மால் முடியாது.

காசைப் பற்றியே பேசிவிட்டோம். வழிகாட்டியோடு நடப்பதில் இலக்கியவாதிகளான நமக்கு வேறோர் ஆதாயமும் உண்டு, வெட்கமும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைச் சொன்னார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அவற்றில் ஒன்பதையாவது மரத்தில் பார்த்து அடையாளம் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்? திணைக்குப் பெயர் தந்த பாலை எந்த மரம் என்பதில் இன்றும் அறிஞரிடையே வழக்கு ஓயவில்லை. நாம் வழக்கைத் தெரிந்துகொண்டோம், மரத்தைத் தெரிந்துகொள்ளவில்லை. சென்னையில் நிழல் என்ற அமைப்பு பல ஆண்டுகளாக மரம் பார்க்கும் நடைகளை நடத்திவருகிறது. தெருவில் நின்று, இலையைத் தொட்டு, பட்டையைத் தடவிப் பார்க்கும் நடை. அதே அமைப்பின் தன்னார்வலர்களின் உழைப்பில்தான் அடையாற்றங்கரையில் குப்பைமேடாகக் கிடந்த இடம் கோட்டூர்புரம் மரப்பூங்காவாயிற்று. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஓய்ந்தபின் சாலைகளில் அழகுக்காக நட்ட அயல் மரங்கள் எத்தனை வேரோடு கிடந்தன என்பதைச் சென்னைவாசிகள் கண்டார்கள். எது விழுந்தது, எது நின்றது என்று பெயர் சொல்லிப் பேச முடிந்தவர்கள் முன்பே மரங்களைப் பார்த்து நடந்தவர்கள்தாம். பெயர் தெரியாத மரத்துக்காக யாரும் மனுப் போடுவதில்லை.

மலையில் அந்தப் பெயர்களை வைத்திருப்பவர்கள் வழிகாட்டிகளாக வரும் பெரியவர்கள். எங்கள் பெரியவர் அன்று ஒரே நாளில் சொன்ன பெயர்களில் பாதியைப் பேரகராதியில் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நடைக்கு ஆள் வருவது நிலையாக இருந்தால் ஊரிலேயே இருந்திருப்பான் என்றார். அது முழு உண்மையா என்று தெரியாது. தகப்பனின் ஆசையாகவும் இருக்கலாம்.

இந்த ஆண்டு மீண்டும் அவரைப் பார்க்கப் போனோம். வீட்டின் பின்புறம், ஓடையை ஒட்டிய தம் சொந்தப் பட்டா நிலத்தில், பழைய பால் பைகளில் மண் நிரப்பி நாவலும் புங்கமும் இலுப்பையும் முளைக்க வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தோம், நூற்றுக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தமுறை என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டதற்கு, கன்று எதுவும் வேண்டாம், பால் பை கழுவிச் சேர்த்து வைத்தால் கொண்டுவாருங்கள் என்றார். புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன் குழி போட வேண்டுமாம். மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் வந்தால் போதும் என்று சொல்லி, எங்கள் கைகளை ஒருமுறை பார்த்துச் சிரித்தார்.